எந்த இரண்டு?

ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே தேதி. ஆனால் கல்வி நிதிக்கான படிவத்தில் பிள்ளைகள் நான்கு. பயிற்சி நிதிக்கான படிவத்தில் இரண்டு. டெல்ஃபீன் இரண்டையும் அருகருகே வைத்து மறுபடியும் பார்த்தாள்.

கனடாவின் அந்த ஒஜிப்வே பழங்குடி ஊரில் மேல்படிப்புக்கு நிதி தேடித் தருவது அவள் வேலை. தண்டர் பே நகரில் நர்சிங் படிக்க, படிவங்களை எழுதிய ஜெரால்டினுக்கு இடம் கிடைத்திருந்தது. நாளை மதியத்துக்குள் நிதி உறுதிக் கடிதம் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. கல்வி நிதி கட்டணமும் குடும்பச் செலவும் தரும். பயிற்சி நிதி பிள்ளைகளின் பகல் காப்பகச் செலவு தரும். ஒரே செலவை இரண்டு நிதியும் ஏற்கக் கூடாது என்பதால் படிவங்களை ஒப்பிடுவார்கள். ஒப்பிட்டு, "எண்ணிக்கை பொருந்தவில்லை" என்று திருப்பிவிட்டார்கள்.

பூட்ஸில் பனியோடு ஜெரால்டின் உள்ளே வந்தாள்.

"ஏன்டி, உனக்குப் பிள்ளைங்க எத்தனைன்னு உனக்கே தெரியாதா?"

"நாலு. தினமும் உன் வீட்டு ரொட்டிய தின்னுட்டுத்தானே வருதுங்க, உனக்குத் தெரியாதா?"

"அப்ப இதுல ஏன் ரெண்டு?"

"அதுல பகல்ல காப்பகம் யாருக்கு வேணும்னுதானே கேட்டிருக்கான்? பெரியதுங்க ரெண்டும் பள்ளிக்கூடம் போகுதே. சின்னதுங்களுக்குத்தான் வேணும்."

"சரி, நாலு பேருக்கும் பிறப்புச் சான்றிதழ் எங்க? ரெண்டுதானே வெச்சிருக்கே?"

"பெரியதுங்களோடதுதான் என்கிட்ட இருக்கு. சின்னதுங்களோடது மாவிஸ்கிட்ட."

டெல்ஃபீனின் பேனா நின்றது. ஜெரால்டினின் தங்கை மாவிஸ் சுரங்க வேலைக்காரி. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். நான்கும் ஒன்றாகவே திரியும், அக்கா தங்கை இருவரையும் அம்மா என்றே கூப்பிடும். யார் யாருடையது என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. அவளும் கேட்டதில்லை.

"சின்னதுங்கள மாவிஸா பெத்தா?"

"பெத்தது அவ. அதுக்காக என் பிள்ளைங்க இல்லன்னு ஆயிடுமா? தண்டர் பேவுக்கும் என்கூடத்தான் வருதுங்க."

டெல்ஃபீன் சிரித்துவிட்டாள். "ஆகாதுடி. ஆனா கல்வி நிதிக்காரன் பெத்ததை மட்டும்தான் கேக்குறான். பயிற்சி நிதிக்காரன் வீட்டுல இருக்கற எல்லாத்தையும் ஒத்துக்குவான், பெத்தவ கையெழுத்து இருந்தா போதும். மாவிஸ் எங்க?"

"வெளிய வண்டியில. தூங்குறா."

"எழுப்பு."

கல்விப் படிவத்தில் நான்கை அடித்து இரண்டு என்று திருத்தி, பெரிய பிள்ளைகள் இருவரின் பெயரை எழுதினாள். பயிற்சிப் படிவத்தில் சின்னப் பிள்ளைகள் இருவரின் பெயரை எழுதி, கீழே மாவிஸிடம் கையெழுத்து வாங்கினாள். இரண்டும் இரண்டும்தான், ஆனால் வேறு வேறு இரண்டு; எந்தப் பிள்ளையும் இருமுறை வரவில்லை, எந்தப் பிள்ளையும் விடுபடவில்லை.