சிவலட்சுமி எரியாமல் கிடந்த காலம்

ஆடி மாதம் இறந்துபோன சிவலட்சுமி மாசி மாதம் வரை எரியவில்லை, ஏனென்றால் அவளுடைய மகள் அழவில்லை. ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் குடியேற்றத் திட்டமொன்றில் நடந்தது இது. முதல்நாள் சுடலையில் நன்றாகக் காய்ந்த பாலைவிறகு அடுக்கி, தமக்கை பிள்ளையான பெறாமகன் கிருசாந்தன் கொள்ளி வைத்தான். கொள்ளி அணைந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், அது கிணற்றுத் தண்ணீரைப் போல வழிந்து போனது. டயர் போட்டார்கள், டயரும் எரியவில்லை. பாடை காவிப்போனவர்களில் ஒருவர் பீடி பற்றவைத்துப் பார்த்தார், பீடி பற்றியது. ஆகவே நெருப்பில் பிழையில்லை என்று முடிவுசெய்து, உடலைத் திரும்பக் கொண்டுவந்து வீட்டு விறாந்தையில் கட்டிலில் கிடத்தினார்கள். வருடாவருடம் வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்தண்ணீரில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்த சனம் அது. தண்ணீர் எரியலாம் என்றால் விறகு எரியாமலும் விடலாம். காரணத்தைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வளவு இராசேஸ்வரி. செத்தவீட்டில் ஊரே அழுதபோது பெற்ற பிள்ளை மேனுகா மட்டும் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள் என்று அவள் சொன்னதும், எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

உடல் பழுதாகவில்லை. பக்கத்தில் போனால் நெல் அவிக்கிற மணம் வந்தது, அவ்வளவுதான். நகம் மட்டும் வளர்ந்தது, இராசேஸ்வரி வெட்டிவிட்டாள். கிராம அலுவலர் வந்து பார்த்து, மரணச் சான்றிதழ் கொடுத்தாயிற்று, இனித் தனக்கு வேலையில்லை என்று போய்விட்டார். உண்மையான கரைச்சல் துடக்குத்தான். சவம் ஊருக்குள் கிடக்கும்வரை பிள்ளையார் கோயில் திறக்க முடியாது, சொந்தக்காரர் எவரும் நல்ல காரியம் செய்ய முடியாது. தையில் நடக்கவேண்டிய கிருசாந்தனின் கலியாணம் அப்படியே நின்றது. அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து சின்னம்மாவின் கால்மாட்டில் குந்தியிருந்து மேனுகாவோடு கதைப்பான்.

"அக்கா, நான் உங்களைக் குறை சொல்லேல்லை. ஆனா பொம்பிளை வீட்டுக்காரர் கிழமைக்குக் கிழமை போன் எடுத்துக் கேக்கினம், அழுதிட்டாவோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

"முயற்சி செய்யிறா எண்டு சொல்லு."

"அப்பிடித்தான் சொல்லுறனான். சோதினைக்குப் படிக்கிற மாதிரியோ எண்டு சிரிக்கினம்."

உண்மையில் அழுகை அவள் படித்த பாடம்தான். செட்டிகுளம் முகாமின் கூடாரத்தில் இருந்துகொண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதி, புதுக்குடியிருப்பில் ரியூசன் கொட்டில்களில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகம் போய், நோர்வேயில் கலாநிதிப் பட்டம் முடித்து, திரும்பி வந்து விரிவுரையாளரானவள் மேனுகா. மூளையின் அடித்தண்டில், நடுக்கோட்டில், மிளகளவு இடத்தில் கொஞ்சம் நரம்புக் கலங்கள் உண்டு. அங்கிருந்துதான் செரட்டோனின் என்கிற இரசாயனம் மூளை முழுவதற்கும் போகிறது. தாயிடமிருந்து பிரித்தெடுத்த எலிக்குஞ்சு மனிதக் காதுக்குக் கேட்காத சுருதியில் அழும். செரட்டோனினைக் கூட்டினால் அந்த அழுகை குறையும். மேனுகா வருடக்கணக்காகக் குஞ்சுகளின் அழுகையைக் கருவி வைத்து எண்ணினாள், கட்டுரை எழுதினாள், பெயர் எடுத்தாள். சில குஞ்சுகள் பிரித்து நெடுநேரமானதும் அழுவதையே நிறுத்திவிடும். அவற்றின் மூளைக்குள்தான் அவள் அதிகம் தேடினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் விசயம் பரவியபோது அயல் வயல்காரர் பொன்னையா மட்டும் வேலியடியில் மறித்துக் கேட்டார்.

"எலிக்குஞ்சு அழுறதை எண்ணுறதுக்கோ பிள்ளை உனக்குச் சம்பளம்? எங்கடை வயலுக்கு வா, எத்தினை வேணும் சொல்லு. நீ எண்ணி முடிச்சாப்பிறகு நான் நஞ்சு வைக்கிறன்."

சிவலட்சுமியோ மகள் மூளை டொக்டர் என்றே கடைசிவரை நம்பியிருந்தாள். முழங்கால் நோவுக்குக் குளிசை கேட்பாள். மேனுகா ஒன்றும் விளங்கப்படுத்தாமல் பாமசியில் வாங்கிக் கொடுப்பாள். மேனுகாவின் தகப்பனைக் கடைசிச் சண்டைக்கு முதலே யானை அடித்துக் கொன்றிருந்தது, அந்த வீட்டில் அதிகம் கதை இல்லை.

அழுவதற்கு அவள் செய்யாதது இல்லை. வெள்ளிதோறும் பஸ் பிடித்து வருவாள். மாங்குளத்துக் கடைக்காரர் கலந்தர் ஒரு சாக்குச் சின்னவெங்காயம் கொண்டுவந்து இறக்கி, "உரிங்க மகள், இதுக்குக் கல்லும் அழும்" என்றார். உரித்தாள். கண்ணீர் ஓடியது. அந்தக் கண்ணீர் காய முதலே தூக்கிக்கொண்டு போய்க் கொள்ளி வைத்தார்கள். நெருப்பு ஏமாறவில்லை. பிறகு அவள் தன் படிப்பை எடுத்தாள்: செரட்டோனின் குறைந்தால் அழுகை கூடவேண்டும். செரட்டோனினை உடல் ஒரு புரதக்கூறிலிருந்துதான் செய்கிறது. அந்தக் கூறு மட்டும் இல்லாத மாவைக் கரைத்து ஐப்பசி முழுக்கக் குடித்தாள். மெலிந்தாள், நித்திரை போனது, பச்சை வயல் சாம்பலாகத் தெரிந்தது. அழுகை மட்டும் வரவில்லை. தன் இரத்தத்தைத் தானே பரிசோதித்தபோது செரட்டோனின் ஒரு துளியும் இல்லை. கருவி பழுதென்று வேறு கருவியில் பார்த்தாள், அதிலும் இல்லை. அப்படி ஒரு மனிதர் இருக்க முடியாது என்று அவளே வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள். திங்கட்கிழமை போய் அதையே மறுபடியும் சொல்லிக் கொடுத்தாள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், இராசேஸ்வரி சிவலட்சுமிக்குத் தலையிழுத்து விட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

"நீ கடைசியா எப்ப பிள்ளை அழுதனீ?"

"தண்ணிக்கை இறங்க முன்னம், மாமி."

எந்தத் தண்ணீர் என்று இராசேஸ்வரி கேட்கவில்லை. 2009 சித்திரையில், சண்டைக்குள்ளிருந்து தப்பி, பதினைந்து வயது மேனுகாவும் தாயும் எட்டு வயதுத் தம்பி சாருஜனும் நந்திக்கடலைக் கழுத்தளவு நீரில் கடந்தார்கள். நடுவில் எங்கிருந்தோ வந்த வெடி சாருஜனில் பட்டது. தாயின் தோளிலிருந்து வழுக்கி நீருக்குள் போனான். மேனுகா வாயைத் திறந்தபோது சிவலட்சுமி ஈரக்கையால் பொத்தினாள். அழாதை, சத்தம் கேட்டா எல்லாருக்கும் சுடுவாங்கள், கரையேறி நான் சொல்லுமட்டும் அழாதை என்றாள்.

"பிறகு சொல்லேல்லையோ?"

"இல்லை."

"நீ கேக்கிறதுதானே."

"கேட்டா சாருஜன்ரை கதை வரும். அம்மா தாங்கமாட்டா எண்டு விட்டிட்டன்."

இராசேஸ்வரி சீப்பைக் கீழே வைத்தாள். "அவா என்ன சொல்லுறவா தெரியுமோ? பிள்ளை அவனை மறந்திட்டாள், நான் கதைச்சு ஞாபகப்படுத்தப்படாது எண்டு. குசினிக்கை வந்திருந்து எத்தினை தரம் எனக்குச் சொன்னவா." பிறகு கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். "அக்கா, உங்களுக்கும் கேட்டதுதானே. ஒரு சொல்லுச் சொன்னா என்ன? ஊரே துடக்கிலை கிடக்கு."

சிவலட்சுமி கண் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது. நெடுநாள் கதையாததால் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"இன்னும் கரை வரேல்லை. மூண்டு பேரும் ஏறினாத்தானே கரை."

இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று கிருசாந்தன் முணுமுணுத்துக்கொண்டு டிரக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பினான். சிவலட்சுமியை ஏற்றிக்கொண்டு முள்ளியவளை தாண்டி, அன்று தாயும் மகளும் ஏறிய கரைக்குப் போனார்கள். இறால் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் விசயம் கேட்டு வலையை ஒதுக்கி வழிவிட்டார்கள். மேனுகா இடுப்பளவு நீரில் இறங்கி நின்றாள். அந்தப் பெயரை அவள் கூப்பிட்டு எத்தனையோ வருடம்.

"சாருஜன், வாடா போவம்."

சாருஜன் வந்தான். எட்டு வயதுதான். அதே நீலக் காற்சட்டை, தலைமயிரில் சாதாளைப்பாசி சிக்கியிருந்தது. வந்ததும் சண்டைதான்.

"ரெண்டு பேரும் என்னை விட்டிட்டுப் போட்டியள். கூப்பிடவும் இல்லை."

"சத்தம் போடவேண்டாம் எண்டு அம்மா சொன்னவா."

"அது அப்பத்தானே அக்கா."

"பொடியனுக்கு ஒரு துவாய் குடுங்கோவன்" என்றார் இறால்காரர் ஒருவர். கொடுத்தார்கள். அவன் துவட்டிக்கொண்டு பெட்டியில் ஏறி, தாய்க்குப் பக்கத்தில் இருந்தான். மேனுகாவும் கரையேறினாள்.

"சரி. மூண்டு பேரும் ஏறியாச்சு" என்றாள் சிவலட்சுமி. "இனி அழு பிள்ளை." அதோடு வாயை மூடினாள். பிறகு திறக்கவில்லை.

மேனுகா அந்த மணலிலேயே குந்தியிருந்து அழுதாள். யாரும் தடுக்கவில்லை, தேற்றவுமில்லை. பொழுது சாயும்வரை டிரக்டரை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். அன்று நீரேரி ஒரு விரலளவு உயர்ந்தது என்று இறால்காரர் சொல்கிறார்கள். மேற்கே பெய்த மழையாலும் இருக்கலாம்.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அன்று மேனுகா போனாள், யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. விறகின்மேல் தாயைக் கிடத்தியதும் சாருஜன் தானாகவே ஏறி, அவளை ஒட்டிப் படுத்தான். மேனுகா இறங்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.

"எனக்குக் குளிருது அக்கா" என்றான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கிருசாந்தன் கொள்ளி வைத்தான். முதல் நெருப்பிலேயே பற்றியது.

முப்பத்தோராம் நாளோடு துடக்குக் கழிந்தது, பிள்ளையார் கோயில் திறந்தது, கிருசாந்தனின் கலியாணம் சித்திரையில் நடந்தது. மேனுகாவின் கண்ணீர் நிற்கவில்லை. வகுப்பெடுக்கும்போதும், பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கும்போதும், பஸ்ஸில் யன்னலோரம் இருக்கும்போதும் அது பாட்டுக்கு ஓடுகிறது. குரல் தழுதழுப்பதில்லை. இரத்தத்தில் செரட்டோனின் எல்லோருக்கும் இருக்கிற அளவுக்குத் திரும்பிவிட்டது. ஆகவே அவளுடைய துறையில் இதற்கு விளக்கம் கிடையாது, அவள் தேடவுமில்லை. முதல் கிழமை மாணவர்கள் பேனையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வகுப்புக்கு முதலில் வருகிற பிள்ளை தண்ணீர்ப் போத்தலை நிரப்பி மேசையில் வைத்துவிடுகிறது. இவ்வளவு அழுகிற ஆளுக்குத் தாகமெடுக்கும். மேனுகா குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குகிறாள்.