அறிவிப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவில்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. மாடியிலிருந்து இறங்கி வந்தது. கல்கத்தாவில், பாலிகஞ்சில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு நேர் மேல்வீட்டுப் பெண் வசந்தி, துர்கா பூஜை விடுமுறை தொடங்கிய வாரம் ஒரு மத்தியானம் கதவைத் தட்டினாள். உள்ளே வந்தவள் உட்காராமலே கேட்டாள்.

"பாகீரதிக்கா, நீங்க கதை எழுதறேளே, அதுல எது முதல்ல வரணும், எது அப்புறம் வரணும்னு யார் முடிவு பண்றது?"

"நான்தான்" என்றேன். இருபது வருஷமாக எழுதுகிறவள் வேறென்ன சொல்வேன்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அப்போ இதை நீங்க எழுதுங்கோ" என்றாள். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் பேசினாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தா என்பதால் கோபம் அவளுக்கு வங்காள மொழியில்தான் வரும். அழுகை மட்டும் தமிழில் வந்தது. பேசியதெல்லாம் ரத்தக் காட்டேரிகளை வைத்து ஆடும் ஒரு சீட்டாட்டத்தைப் பற்றி. எனக்குக் கால்வாசி புரிந்தது. ஆகவே போகப் போக உங்களுக்குத் தலை சுற்றினால் பக்கத்தில் நானும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

[கரியாஹாட் கடைத்தெருச் சந்தடிக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு ரத்தக் காட்டேரி பசியோடு]

அங்கேயே நிறுத்திவிட்டேன். பேய்க்கதை என்று நினைத்துப் படிக்க வருகிறவர்களிடம் அப்புறம் யார் பதில் சொல்வது? இரண்டாவது தொடக்கம்:

[வசந்திக்கும் மாதவுக்கும் தை மாதம் கல்யாணம்.]

இதில் காட்டேரி இல்லை. ஆனால் கதை இங்கேதான் இருக்கிறது என்று பட்சி சொல்கிறது.

2

வசந்திக்கும் மாதவுக்கும் தை மாதம் கல்யாணம். அவர்களாகவே பிடித்துப்போய், பெரியவர்கள் நிச்சயம் செய்தது. மாதவ் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். 2003 ஆடியில் அவனுக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரிய பதவி.

வசந்தி ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பூகோளம் சொல்லித் தருகிறாள். மூன்று வருஷம் பகுதி நேரமாக அலைந்து, இந்த வருஷம்தான் நிரந்தரமானாள். பாடம் நடத்துவது வங்காள மொழியில். வங்காளத்தில் பூகோளம் நடத்துகிறவளைச் சென்னையில் யார் கூப்பிடப் போகிறார்கள்? போன கோடையில் மாம்பலத்துச் சித்தி வீட்டில் அவள் தமிழைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊர் மாறினால் வேலையும் போகும், பேச்சும் போகும். அந்தப் பயத்தில் அவள் தூக்கம் கெட்டுக் கிடந்தாள்.

இரண்டு மாதம் இதே பேச்சு. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அவள் போனை வைத்துவிடுவாள். கடைசியில் மாதவ்தான் சொன்னான்: "ஆடிப் பாத்துடலாம், வசு. நீ ஜெயிச்சா கல்கத்தா. நான் ஜெயிச்சா சென்னை. அப்புறம் ரெண்டு பேரும் வாயைத் திறக்கப்படாது."

வசந்திக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றாள்.

ஆட்டம் அவர்களுக்குப் பழகியதுதான். மாதவின் அலுவலகத்து மூத்த நண்பர் சுபங்கர்தாவின்* வீட்டில் ஞாயிறுதோறும் ஆடுவார்கள். அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சீட்டுகள். ஆளுக்கொரு காட்டேரி. காட்டேரிக்கு இவ்வளவு ரத்தம் என்று கணக்கு. ரத்தத்துக்குப் பதில் சுபங்கர்தா வீட்டுச் சிவப்பு ராஜ்மாக் கொட்டைகள். கடைசி ராஜ்மாவும் போனால் காட்டேரி செத்தது.

(* வங்காளத்து 'தா' என்றால் அண்ணன். நம் ஊர் 'டா' இல்லை. மாதவின் அம்மா இன்றைக்கும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை.)

நீங்கள் இரண்டு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். நான் அப்படித்தான் சமாளிக்கிறேன். சீட்டைப் போடுகிறவர் முதலில் வாய்விட்டு அறிவிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அது நிறைவேறும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. எதிராளி தன் பதில் சீட்டைப் போடுவது அந்த இடைவெளியில்தான். இது புத்தகத்து விதி. சுபங்கர்தா மேஜையில் மட்டும் இன்னொரு வழக்கம்: டீக்கோப்பை காலியாகும் வரை நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்றால், விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

3

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுபங்கர்தா வீடு. கீழே தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வசந்தியிடம் இரண்டு ராஜ்மா மிச்சம், மாதவிடம் ஒன்று. அவன் முறை. மாதவ் ஒரு சீட்டை வைத்தான்.

"விடியல். வெயில் பட்டு உன் காட்டேரிக்கு ரெண்டு ரத்தம் போறது."

வசந்தி தன் சீட்டுகளை விரித்தாள். கையிலிருந்ததைப் பார்த்தாள். உடனே போட்டாள்.

"கடைசிக் கடி. உன்கிட்டேருந்து ஒண்ணு எனக்கு."

விடியல் முதலில் நடந்தால் வசந்தியின் இரண்டும் போய் அவள் காலி. செத்தவள் யாரைக் கடிப்பது? கடி முதலில் நடந்தால் மாதவின் ஒன்றும் போய் அவன் காலி. அவளுக்கு மூன்றாகும். அப்புறம் விடியல் இரண்டைக் கொண்டுபோனாலும் ஒன்று நிற்கும்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மாதவின் காட்டேரி செத்துவிட்ட பிறகு அவன் போட்ட விடியல் விடியுமா? வசந்தியைக் கேட்டேன். "எப்படியும் நான் பிழைச்சுடறேன், அக்கா. விடுங்கோ" என்றாள். விட்டுவிட்டேன்.]

"என் முறை. என் சீட்டுதான் முதல்ல" என்றான் மாதவ்.

"உன்னோடது நடந்து முடிஞ்சப்புறம் நான் போட்டா அதுக்குப் பேர் பதிலா? ஒப்பாரி."

சுபங்கர்தா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நாலாம் பக்கத்தில், யார் முறையோ அவர் சீட்டே முதலில் என்று இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில், பதில் சீட்டே முதலில் என்று இருந்தது. "தூர்! ரெண்டுமே அச்சுல இருக்கே" என்று வங்காளத்தில் அலுத்துக்கொண்டார். ஆட்டத்தை வெளியிட்டவர்களுக்கே ஈமெயில் போட்டுக் கேட்பது என்று முடிவாயிற்று. பதில் வரும் வரை மேஜையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். பாவம், அவர் மனைவி தரையில் இலை போட்டுப் பரிமாறினாள்.

அந்த நாட்களில் மாதவ் விடாமல் வாதாடினான். போனில் நாலாம் பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தான். வசந்திக்கு அது உள்ளுக்குள் பிடித்திருந்தது. இத்தனை வாதாடுகிறான் என்றால் தோற்றாலும் வாக்கைக் காப்பாற்றுவான் என்று நினைத்தாள்.

5

நான்காம் பகுதி எங்கே என்று தேடாதீர்கள். எழுதி வைத்திருக்கிறேன். எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரமே புதன்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. கரியாஹாட்டில் ஒரு மாடி சைபர் கஃபேயில் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஒண்டிக்கொண்டு படித்தார்கள். பதில் சீட்டே முதலில் நிறைவேறும் என்று இருந்தது. வசந்தி போட்ட கூச்சலில் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அவளுக்கு அந்த நிமிஷம் கல்லூரி, மரத்தடி, இரண்டாம் வருஷத்துப் பெண்கள் எல்லாம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

கீழே இறங்கி, நடைபாதைக் கடைகளுக்கு நடுவில் மண்குவளையில் டீ வாங்கிக்கொண்டார்கள். மாதவ் குடிக்கவில்லை.

"வசு, நான் போன வியாழக்கிழமையே சரின்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"சென்னை ஆபீஸ்ல. போன்ல."

"வியாழக்கிழமையா? நாம ஆடினது ஞாயித்துக்கிழமை."

"அறிவிச்சேன், அவ்ளோதான். இன்னும் நிறைவேறலையே. தையிலதான் போய்ச் சேரணும். நடுவுல நீ ஜெயிச்சா ரத்து பண்ணிடலாம்னுதான்..."

அவன் குரலில் பொய் இல்லை. அதுதான் வசந்தியைக் குழப்பியது. அவன் சொல்வதும் விதிப்படி சரி மாதிரியே இருந்தது. அறிவிப்பு, இடைவெளி, அந்த இடைவெளியில் ஓர் ஆட்டம். எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை. ஒரு வாய் டீ குடித்தாள். அப்புறம் பிடிபட்டது.

"அறிவிச்சா மேஜைக்குக் கேக்கணும், மாதவ். என் காதுல விழாத அறிவிப்புக்கு நான் எப்படிப் பதில் போடுவேன்? வேலை, ஊர் எல்லாத்தையும் வெச்சு நான் ஆடினேன். நீ என்னத்தை வெச்சே?"

மாதவ் குவளையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, "நான் ஜெயிச்சிருந்தா இதைச் சொல்லவே வேண்டியிருந்திருக்காது" என்றான். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தான் என்று வசந்தி இன்றைக்கும் நம்புகிறாள்.

"இப்போ சொல்லு. ரத்து பண்ணிடவா?"

வசந்தி யோசித்தாள். அவன் ஆசைப்பட்டதைக் கெடுத்தவள் என்ற பெயர் தனக்கு எதற்கு? சரி என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. மாதவ் அவள் முகத்தைப் பார்த்தபடி ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தான். மண்குவளையைப் போட்டு உடைத்தான். அவள் இன்னும் பேசவில்லை.

"சரி" என்றான். ரத்து வேண்டாம், அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான். வேறு எந்த ஆண்பிள்ளையாக இருந்தாலும் ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருப்பான். இவன் சுபங்கர்தா மேஜையில் பழகியவன்.

4

[வியாழக்கிழமை. அலுவலகத்தில் போன் அடித்தது. சென்னையிலிருந்து நடராஜன், பெரிய அதிகாரி. "என்னப்பா, வரியா?" என்று கேட்டார். மாதவ் எதிர்ச் சுவரைப் பார்த்தான். "சரி சார்" என்றான். அந்த நேரத்தில் அவன் வசந்தியை நினை]

நினைத்தானா, நினைக்கவில்லையா? எனக்குத் தெரியாது. அவனையே கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. கேட்க முடிந்தது எப்படி என்றால், நான் எழுதுவது தெரிந்து மாதவும் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான். நல்ல பிள்ளை, செருப்பை வாசலிலேயே ஒழுங்காக விட்டுவிட்டு வந்தான்.

"அந்த போன் விஷயத்தை ஆட்டத்துக்கு முன்னாடி வெச்சேள்னா நான் ஏமாத்துக்காரன்னு ஆயிடும், அக்கா. தையில போய்ச் சேரறதுதானே நிஜம்? கடைசியில வையுங்கோ."

வசந்தி கேட்டது நேர்மாறு. "காலண்டர்ல எங்க இருக்கோ அங்கயே வையுங்கோ. ஞாயித்துக்கிழமை அவன் சீட்டைக் கலைக்கும்போதே படிக்கிறவாளுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

முன்னால் வைத்தால் மாதவ் ஆடிய ஆட்டம் முழுக்க நாடகம். பின்னால் வைத்தால் பயந்துபோன ஒரு பிள்ளை. ஒரே போன், ஒரே "சரி சார்". எது முதலில் என்று முடிவு செய்கிறவள் நான்தான் என்று பெருமையடித்தேனே, நான்கு நாளாக இந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் மாற்றி வைத்துக் கைதான் வலிக்கிறது. ஐந்துக்குப் பின்னால் வைத்திருப்பது தீர்ப்பு இல்லை. களைப்பு.

6

முடிவு மூன்று எழுதினேன்.

(அ) மாதவ் சென்னைக்குப் போன் செய்து ரத்து செய்கிறான். இருவரும் கல்கத்தாவில் இருக்கிறார்கள். அவன் வருஷா வருஷம் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

(ஆ) வசந்தி வேலையை விட்டுவிட்டு அவனோடு போகிறாள். சித்தி வீட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டதால் சிரிப்பதில்லை.

(இ) கல்யாணம் நின்றுவி

மூன்றாவதை என்னால் முடிக்க முடியவில்லை. வசந்திக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் எல்லாவற்றையும் நானே வாசித்துக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"நன்னா இருக்கு. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்ன?"

"அந்த நடராஜன் அவன்கிட்ட 'வரியா'ன்னு கேட்டார். என்கிட்ட அதை ஒருத்தரும் கேக்கலையே. ஆடலாமான்னு கேட்டான். ரத்து பண்ணவான்னு கேட்டான். 'வசு, என்னோட வரியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் போயிருப்பேன், அக்கா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வேலை?"

"விட்டிருப்பேன். அழுதுண்டேதான் விட்டிருப்பேன். ஆனா கேட்டானேன்னு இருந்திருக்கும்."

"இப்போ கேட்டா?"

"தெரியலை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எப்போ அச்சுல வரும்?" என்றாள்.

"நாளைக்கு அனுப்பினா ரெண்டு மாசம் ஆகும். மார்கழி."

"மாதவ் படிப்பானா?"

"உன்னை மாதிரியா? அவன் விளம்பரம்கூட விடாம படிக்கிறவன்."

"அப்போ நான் இப்போ சொன்னதையும் போட்டுடுங்கோ. அச்சுல வரதுக்குள்ள அவனாவே கேக்கறானான்னு பாக்கறேன். இதைப் படிச்சுட்டு அப்புறமா வந்து கேட்டான்னா..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

ஆகவே, இதைப் படிக்கிறவரே, முடிவு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. உங்கள் கையில் இது அச்சாகி இருக்கிறது என்றால் அந்த இரண்டு மாதமும் போய்விட்டது. அதற்குள் அவன் கேட்டிருப்பான், அல்லது இப்போது உங்களோடு சேர்ந்து இதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பான். எது என்று எனக்குத் தெரிய வழியில்லை. எனக்கு இன்னும் ஐப்பசிதான், உறையைக்கூட ஒட்டவில்லை.

மாதவ் சற்று முன்னால் படியேறி மேலே போனான். இந்தக் கட்டிடத்தில் மேல்வீட்டுப் பேச்சு ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்கும். நான் பேனாவை வைத்துவிட்டு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒட்டுக்கேட்கிறேன். அவன் அவளிடம் ஏதோ கேட்கிறான். கல்யாணப் பத்திரிகைக்கு எந்த நிறம் பிடிக்கும், மஞ்சளா ரோஸா என்று கேட்கிறான்.