எட்டுத் தட்டுகளும் அரை அங்குலமும்

1

“ஒண்ணும் விரிக்காம விட்டா மரத்துல கறை பிடிக்காதா?”

“பிடிச்சா துடைச்சுக்குறேன்மா.”

“எண்ணெய் டப்பா வைக்கிற தட்டுடி. துடைச்சா போகாது.”

“போகலைன்னா அது நான் பண்ணின கறையா இருந்துட்டுப் போகுது.”

“மூணு மாசப் பேப்பர் சேர்த்து வச்சிருக்கேன். கொடுத்து விடறேன். மறுபேச்சு பேசாத.”

ஸ்பீக்கரில் இருந்த போன் வைக்கப்பட்டது. இந்தக் கதை பிறந்த இடம் இதுதான் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பேசியவர்கள் அம்மாவும் அக்காவும். ஒட்டுக்கேட்டவள் நான், அக்காவின் புது வாடகை வீட்டுக்கு லீவில் வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தூரதேசத்து நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பைப் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்த தங்கை.

அக்கா நான்கு வருடம் மாமியார் வீட்டில் இருந்தாள். எந்த டப்பா எந்தத் தட்டில் என்பது அங்கே அவள் போவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. இது அவளுடைய முதல் சமையலறை. அலமாரியில் எட்டுத் தட்டுகள். குடிவந்த அன்றே எட்டையும் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “இப்படியே இருக்கட்டும்” என்றாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை அம்மாவிடம் சொல்ல முடிகிறது, என்னிடம் சொல்ல முடிகிறது. மாமாவிடம் மட்டும்…

(இந்த வாக்கியத்தை அப்புறம் முடிக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: “மழை விட்டிருந்தது. திறந்த அலமாரிகள் ஊமை வாய்களைப் போல…”

அடித்துவிட்டேன். மழை பெய்யவே இல்லை. அலமாரியும் ஊமை இல்லை. கதவுக்கு ஒரு ராகம் பாடுகிறது.*

இரண்டாம் தொடக்கம்: “அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.”

இதை அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

“நான் எப்ப பெருமூச்சு விட்டேன்?”

“நேத்து. நான் பார்த்தேன்.”

“எனக்கு மூக்கடைப்புடி. அந்த ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். சுவரைப் பார்த்து எவ பெருமூச்சு விடுவா?”

சோகமான அக்கா கதைக்கு வசதி. ஆனால் இந்த அக்கா பருப்பு டப்பாவில் தாளம் போடுகிறவள். பெருமூச்சை எடுத்துவிட்டேன், தாளம் இருக்கட்டும்.

* நான் படிக்கும் நாவல்களில் அலமாரியைத் திறந்து ரொட்டி எடுக்கிறார்கள், பழைய கடிதம் எடுக்கிறார்கள், ஒருமுறை துப்பாக்கி எடுத்தார்கள். தட்டில் என்ன விரித்திருந்தது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. நானூறு பக்கம் பொறுமையாகத் தேடினேன்.

3

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தையல்காரர். நேற்று மஞ்சள் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒரு சுருள் வாங்கி வந்தார். வாயில் விரலை வைத்து என்னைப் பேசாதே என்று சைகை செய்துவிட்டு, அக்கா குளித்து வருவதற்குள் எட்டுத் தட்டுக்கும் அளந்து வெட்டிவிட்டார். விரித்தால் நாலு பக்கமும் ஓரம் எழும்பிப் படகு போல நின்றது. சர்க்கரை டப்பா சாய்ந்தது.

“மாமா, எல்லாத்துலயும் சுத்தி அரை அங்குலம் கூட இருக்கு.”

“ஆமா, தையலுக்கு விட்டிருக்கேன்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

“அலமாரிக்கு எதுக்குங்க தையல்?” ஈரத் தலையோடு வந்த அக்கா கேட்டாள்.

“கை பழகிடுச்சு. பரவாயில்ல, ஓரம் மடிச்சு மிஷின்ல அடிச்சுடறேன். உன் அலமாரி மாதிரி ஊர்ல எவளுக்கும் இருக்காது.”

கத்தரியால் நறுக்கிவிட்டால் ஒரு நிமிட வேலை. அது தையல்காரருக்குத் தோன்றாது. விட்ட துணியை வெட்டி எறிவது அவர்கள் கணக்கில் பாவம். அக்கா விரிப்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், “சரிங்க” என்றாள்.

பாதியில் விட்ட வாக்கியத்தை இங்கே முடிக்கலாம். மாமாவிடம் மட்டும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் அதட்டவில்லை, ஆசையாகச் செய்கிறார். அதட்டுகிறவரோடு சண்டை போடலாம். மஞ்சள் பூவோடு எப்படிச் சண்டை போடுவது?

4

இப்போது ஞாயிறு காலை. கூடத்தில் மிஷின் ஓடுகிறது. ஐந்து விரிப்புகள் முடிந்து நாற்காலியில் அடுக்கியிருக்கின்றன. எட்டும் முடிந்தால் அலமாரிக்குப் போய்விடும். அதற்குள் நான் கதையை முடித்தாக வேண்டும். கைவசம் மூன்று முடிவுகள்.

அ) அக்கா எட்டையும் விரிக்கிறாள். நாளடைவில் மஞ்சள் பூ பிடித்துப்போகிறது. [பிடித்துப்போகுமா? யாரைக் கேட்டு எழுதினேன்?]

ஆ) மாமா அவள் முகத்தைப் பார்த்துத் தானாகவே புரிந்துகொள்கிறார். [பார்வையாலேயே எல்லாம் புரிகிற கணவர்கள் நாவலில் உண்டு. இவர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.]

இ) அம்மாவின் பேப்பர் கட்டு வந்து சேர்கிறது. பேப்பர் கட்சிக்கும் பிளாஸ்டிக் கட்சிக்கும் நடந்த போரில்…

அக்கா காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள்.

“மூணுலயும் நான் எங்கடி பேசறேன்?”

தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

“நாலாவது ஒண்ணு எழுதட்டா? நீ என்ன பேசணும்னு…”

“நீயும் அளவெடுக்க வந்துட்டியா? கம்முனு இரு.”

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பேனாவோடு நானும் பின்னால் போனேன். வாசகரே, இதற்கு மேல் நான் கதை கட்டவில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். மாமா என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ஏங்க, மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க.”

“இன்னும் மூணுதான். முடிச்சுட்டு வரேன்.”

“அழகாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தட்டு வெறும் பலகையா வேணுங்க. எதுவும் விரிக்காம. நேத்தே சொல்லியிருக்கணும், உங்க மூஞ்சியைப் பார்த்ததும் வாய் வரல.”

அவர் கால் மிஷின் மிதியிலிருந்து இறங்கியது. ஆறாவது விரிப்பு பாதி மடிப்பில், ஊசிக்கு அடியில் நின்றது.

“கோவிச்சுக்காம, இதோட நிறுத்திக்கிறீங்களா?”