கொஞ்சம் தள்ளி நில்லுங்க

என் கணவர் வாங்கிய கேமரா ரொம்பச் சின்னது. அதை வைக்க வாங்கிய பைதான் பெரிது. அந்தப் பைக்குள் கேமராவைத் தவிர இரண்டு லென்ஸ், மூன்று பேட்டரி, தூசி ஊத ஒரு ரப்பர் பந்து, துடைக்க நாலு விதத் துணி, ஈரத்தை உறிஞ்சுவதற்குப் பொட்டலம் பொட்டலமாக ஏதோ மணிகள். இத்தனையும் தோளில் தொங்க, "இதோட அழகே என்ன தெரியுமா? வெயிட்டே இல்ல!" என்று சொல்லிக்கொண்டு மூச்சு வாங்க மாடிப்படி ஏறுவார்.

கண்ணாடி இல்லாத கேமரா என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினார். பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்குமாம், அழுத்தும்போதெல்லாம் மேலே போய்க் கீழே வருமாம், இதில் அது கிடையாதாம், அதனால்தான் கைக்கு அடக்கமாம். கேஸ் மீட்டர் பார்க்க வந்த ஆள், மீட்டரைப் பார்க்காமலே தப்பித்து ஓடியது இந்த விளக்கத்தின் நடுவில்தான்.

தினமும் கையோடு வைத்திருக்கலாம், ஊருக்குப் போனாலும் கொண்டுபோகலாம் என்பது வாங்கும்போது எனக்குச் சொன்ன காரணம். வாங்கிய பிறகு வெயிலில் எடுக்க மாட்டார், சூடு ஆகாது. மழையில் எடுக்க மாட்டார், ஈரம் ஆகாது. லென்ஸ் மாற்றும்போது வீட்டில் ஃபேன் ஓடக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. ஆபரேஷன் தியேட்டரில்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது. எனக்குத் தெரியும், நான் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறேன்.

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு அறுபது படம், சில நாள் எழுபது. "மூச்ச நல்லா இழுங்க, புடிங்க, ஆடாதீங்க, விடுங்க." அவ்வளவுதான். இரண்டாவது தடவை எடுத்தால் ஏன் எடுத்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களைத் தவிர வேறெதையும் நான் எடுத்ததில்லை. ஆனால் வீட்டில் யார் கலைஞர் என்று கேட்டால் பதில் வேறு.

முதல் பத்து நாள் அவர் எடுத்தது எதிர்வீட்டுச் செங்கல் சுவர். லென்ஸின் மூலை வரைக்கும் துல்லியம் இருக்கிறதா என்று பார்க்கச் செங்கல் சுவர்தான் வசதியாம். முக்காலி போட்டு, மட்டம் பார்த்து, ஒரே சுவரைக் காலையும் மாலையும் எடுத்தார். அவர் அரசாங்கத்தில் லிஃப்ட் ஆய்வாளர் என்பது தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுக்காரர் மூன்றாம் நாள் முகம் வெளுத்து வந்து நின்றார்.

"சார், சுவர இடிக்கப் போறாங்களா? நோட்டீஸ் எதுவும் வரலியே?"

"சேச்சே, உங்க சுவரு ரொம்ப ஷார்ப்பா இருக்கு சார்" என்றார் இவர். அந்த மனுஷர் அடுத்த வாரமே சுவரைப் பூசிவிட்டார்.

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான். சிரிப்பு நின்றது எங்கள் மகள் விஷயத்தில்.

மகள் நர்சிங் படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டவள். விட்டுவிட்டுச் சமையல் கற்றுக்கொண்டு, கப்பலில் சமையற்கட்டு வேலைக்கு எழுதிப் போட்டு வாங்கியும்விட்டாள். ஏறினால் ஒன்பது மாதம் கடலில். நான் குதித்தேன். அவள் பதிலுக்குக் குதித்தாள். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாடு ஆயிற்றா, சாவி எங்கே என்பதைத் தாண்டி நாங்கள் பேசவில்லை. யாரும் இறங்கி வரவில்லை. என்னிடமிருந்துதான் அவளுக்கு அந்தப் பிடிவாதம் வந்தது, அது வேறு எனக்கு எரிச்சல்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் மூன்று பேருமாக நாலு நாள் மலைக்குப் போவோம் என்று இவர்தான் சொன்னார். பாசம் என்று நினைத்தேன். மலையில் மூடுபனி நன்றாக இருக்குமாம்.

போகும் வழியிலேயே ஒரு சட்டம் போட்டார். "யாரும் போன்ல படம் எடுக்கக் கூடாது. இப்படி ஒரு கேமராவ வச்சுக்கிட்டு நாம போன்ல எடுத்தா, அது எனக்கு அவமானம்."

"சரிப்பா" என்றாள் மகள். நானும் மண்டையை ஆட்டினேன். அந்த மண்டையை இப்போது நினைத்தால் எனக்கே ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

அவர் படமெடுக்கும் முறை உங்களுக்குத் தெரிய வேண்டும். லிஃப்டில் மனிதர்களை ஏற்றுவதற்கு முன்னால் மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதிப்பது அவர் தொழில். படத்துக்கும் அதே முறைதான். முதலில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்துவார். முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது, பின்னால் மலை எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து இரண்டு மூன்று படம் எடுப்பார். எதையோ திருகுவார். திருப்தியானதும், "போதும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். நாங்கள் நகர்ந்ததும் நாங்கள் நின்ற இடத்தை எடுப்பார். அதுதான் படம். நாங்கள் மணல் மூட்டை. பாலத்தில், படிக்கட்டில், நனைந்த பெஞ்சுக்கு முன்னால், பூட்டிக் கிடந்த ஒரு டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் என்று மூன்று நாளும் நின்றோம், நகர்ந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் ஏரிக்கரை. தண்ணீர் மேல் புகை மாதிரி பனி. எங்களை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு அவர் லென்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குளிர் எலும்பைக் குடைந்தது. நான் நீல ஸ்வெட்டர், அவள் மஞ்சள் மழைக்கோட்டு. திடீரென்று என் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள்.

"கை ஜில்லுன்னு இருக்கும்மா" என்றாள்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"படிப்ப விட்டதுக்கு இன்னும் கோவமா?"

"கோவம்தான்" என்றேன். "ஆனா நேத்து காட்டேஜ்ல நீ வச்ச சூப்பு நல்லா இருந்துச்சு."

"அத நேத்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நேத்து கோவம் ஜாஸ்தியா இருந்துச்சு."

அவள் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துச் சிரிப்பு, அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆஹா, அப்படியே இருங்க, லைட்டு அருமை!" என்று கத்திக்கொண்டே அவர் மூன்று முறை அழுத்தினார். அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டேன். "அப்பா எடுத்துட்டாரும்மா, இத எனக்கு அனுப்பு, கப்பல்ல ஒட்டிக்கிறேன்" என்றாள் மகள். அந்தப் பக்கமிருந்து, "போதும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று குரல் வந்தது. கையைப் பிரிக்காமலே நகர்ந்தோம்.

அடுத்த வாரம் அவள் கப்பல் ஏறினாள். ஏறிய இரண்டாம் நாளே செய்தி. ஒரு அறையில் நாலு பேராம், படுக்கை ரயில் பெர்த் மாதிரியாம், தலைமாட்டில் ஒரு முழம் சுவர் அவளுக்கென்று இருக்கிறதாம். அந்த ஏரிப் படம் எங்கே?

கேட்டேன். "அதெல்லாம் இன்னும் ரா-வுல இருக்கு" என்றார். ரா என்றால் சமைக்காத அரிசி மாதிரியாம். "அப்ப சமைங்க" என்றேன். மானிட்டரில் நிறம் சரியாக இல்லை, அதைச் சரி பண்ணும் கருவி வரட்டும் என்றார். கருவி வந்தது. பிறகு சாஃப்ட்வேர் பழசு என்றார். புதுசு போட்டதும் பனியின் வெள்ளை சரியான வெள்ளையாக இல்லை என்று ஒரு மாதம் உட்கார்ந்தார். மகள் நாலு தடவை கேட்டாள். மற்ற மூன்று பெண்களும் அவரவர் சுவரில் குடும்பத்தை ஒட்டிவிட்டார்களாம். மூன்றாம் மாதம் நான் மானிட்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னிக்கு அந்தப் படம் எனக்கு வேணும். எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

பெருமையோடு திறந்து காட்டினார். ஏரி இருந்தது. பனி இருந்தது. மரம் இருந்தது.

"நாங்க எங்க?"

"நீங்க எதுக்கு?"

"நானும் அவளும் நின்னோமே, சிரிச்சோமே, மூணு தடவ எடுத்தீங்களே!"

"ஓ, அதுவா? அது டெஸ்ட் ஷாட்டும்மா. டெஸ்ட் எல்லாம் அன்னன்னிக்கே அழிச்சிடுவேன். கார்டுல எடம் வேணாமா?" என்று சொல்லி, வெள்ளையை இன்னும் ஒரு புள்ளி ஏற்றினார்.

நான் எத்தனையோ பேருடைய உடைந்த எலும்பைப் பார்த்துவிட்டு முகம் மாறாமல் "டாக்டர் சொல்வாருங்க" என்று சொன்னவள். அன்றைக்கு என் முகம் என்னவாக இருந்ததோ, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து அந்தப் பயணத்துப் படங்கள் இரண்டாயிரத்து முந்நூறையும் தபால்தலை அளவில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். என் மகள் ஒன்றிலும் இல்லை. அவளுக்கு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. "அப்பா இன்னும் கலர் பாத்துட்டு இருக்காரு" என்று பொய் எழுதினேன். வெட்கமாக இருந்தது.

இந்த லட்சணத்தில் அவருடைய கேமரா சங்கம் கண்காட்சி வைத்தது. இவர் படங்கள் பன்னிரண்டு. மொத்தத்துக்கும் "மௌனம்" என்று பெயர். ஏரிப் படத்தை மூன்றடி அகலத்துக்குப் பெரிதாக்கி நடுவில் மாட்டியிருந்தார்கள். சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். எந்தப் படத்துக்கு முன்னால் நின்றாலும் வாயைத் திறக்கச் சொல்லப் போகிறவர் போலக் குனிந்து பார்ப்பார்.

"எங்க போனாலும் கூட்டம் அள்ளுது. நீங்க மட்டும் எப்படிங்க ஒரு ஆள்கூட இல்லாம எடுக்கறீங்க?" என்றார் தலைவர்.

"பொறுமைதான் சார்" என்றார் என் கணவர்.

"ஆள் இருந்தாங்க" என்றேன் நான். "போகச் சொல்லிட்டாரு."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப நேரம், ரொம்ப உரக்கச் சிரித்தவர் என் கணவர்தான்.

சிரித்து முடித்த தலைவர் மறுபடி குனிந்தார். "ஒரே ஒரு குறை. எடது ஓரத்துல பாருங்க, என்னமோ நீட்டிக்கிட்டு இருக்கு."

நானும் குனிந்தேன். முழங்கையை நாள் பூராவும் பார்க்கிற கண் எனக்கு. படத்தின் ஓரத்தில், இரண்டு விரல்கடை அகலத்தில், நீல ஸ்வெட்டருக்குள் மடங்கிய ஒரு முழங்கை. அது என்னுடையது. அதற்குள் கோத்துக்கொண்டு மஞ்சள் மழைக்கோட்டுக் கை ஒன்று. என் கையைப் பற்றியிருந்த நாலு விரல்.

"அடடா, எப்படி இத விட்டேன்!" என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சார். அடுத்த பிரிண்ட்ல வெட்டிடறேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் கண்காட்சிக்கு வைத்த பெயர் கெட்டுப்போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி முடிந்து படங்கள் வீட்டுக்கு வந்தன. திங்கட்கிழமை அவர் லிஃப்ட் பார்க்கப் போனதும், நான் லீவு சொல்லிவிட்டு ஏரிப் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துப் போட்டேன். சட்டத்தின் ஆணிகளை நெம்பி, அட்டையைப் பிரித்து, படத்தை வெளியே எடுத்தேன். ஸ்கேல் வைத்து, பிளேடால் இடது ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் வெட்டினேன். என் கை ஆடவில்லை. வெட்டிய துண்டை வெளிச்சத்தில் வைத்து என் போனிலேயே ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அழிந்துபோன கதை முழுவதையும் எழுதினேன். இவ்வளவுதான் மிச்சம் என்று எழுதும்போது அழுதேன், அதையும் எழுதினேன்.

சாயந்திரம் பதில் வந்தது. "பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டேம்மா. பக்கத்து பெட் பொண்ணு யாரு இவங்கன்னு கேட்டா. எங்கம்மான்னு சொன்னேன்."

அந்தத் துண்டை, மறுநாள் எக்ஸ்ரே அறையில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பதற்காக, கைப்பையில் எடுத்து வைத்தேன். மிச்சப் படத்தை அதே சட்டத்துக்குள் தள்ளி, வலது இடது பார்த்துச் சரியாக ஆணி அடித்து, ஹாலில் மாட்டினேன்.

அவர் வந்தார். பையை இறக்கினார். படத்துக்கு முன்னால் போய் நின்று, ஒரு அடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

"வெட்டிட்டியா?" என்றார்.

"வெட்டிட்டேன்."

"பாத்தியா, இப்பத்தான் படம் சுத்தமா இருக்கு" என்றார்.