ஏ பிரிவின் கதவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பை மார்க் வாரியாக நான்காகப் பிரித்திருந்தார்கள். ‘ஏ’வில் நன்றாகப் படிப்பவர்கள். ‘டி’யில், மணலைச் சலித்தால் சல்லடையில் நிற்குமே கல்லு, அதுபோல மிச்சம். ‘ஏ’வுக்குக் கணக்கு டீச்சர். ‘டி’க்கு விளையாட்டு வாத்தியார். கணக்குப் பாடத்தில் அவர் தூங்குவார். தூக்கம் வராத நாளில் பிள்ளைகளைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புவார். முழுப்பரீட்சையில் தோற்றால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் போர்டு வைக்க வேண்டுமே.

தச்சரின் மகள் ‘டி’யில் இருந்தாள். போன வருடம் கணக்கில் பதினேழு.

“அவளும் என்னை மாதிரி செங்கல் சுமக்கணுமா?” என்று பெண்டாட்டி தினமும் குடைந்தாள். “பள்ளிக்கூடத்துல போயி கேளேன்யா. மரத்தோட பேசிப் பேசி நீயும் மரமாயிட்ட.”

காலாண்டு விடுமுறையில் அந்த நான்கு வகுப்பறைக் கதவுகளையும் கழற்றிப் பெயின்ட் அடித்து மாட்டும் வேலை தச்சருக்கு வந்தது. மழையில் மரம் ஊதியிருந்தது. எந்தக் கதவு எந்த நிலைச்சட்டத்தில் இழைக்காமல் மூடியதோ, அதை அங்கேயே மாட்டினார். கதவில் செதுக்கியிருந்த எழுத்தை யார் பார்த்தார்கள்? ‘ஏ’ கதவு ‘டி’ அறைக்கும், ‘டி’ கதவு ‘ஏ’ அறைக்கும் போய்விட்டன.

விடுமுறை முடிந்து வந்த கணக்கு டீச்சர் புதுசு. பிள்ளைகள் பழைய அறையிலேயே உட்கார்ந்தார்கள்; டீச்சர் கதவைப் பார்த்து நுழைந்தார். ஆஜர் எடுப்பதும் நம்பரைச் சொல்லித்தான். விளையாட்டு வாத்தியாருக்கு எந்த அறையில் தூங்கினால் என்ன? ‘ஏ’ பிள்ளைகள் மூச்சு விடவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது கணக்கைவிடச் சுகம்.

அரைப்பரீட்சை வந்தது. தச்சரின் மகள் கணக்கில் ஐம்பத்திரண்டு. ‘ஏ’ பிரிவில் பாதிப்பேர் தோல்வி. ஹெட்மாஸ்டர் ஒரு மணி நேரம் வராந்தாவில் நின்று கதவுகளை வெறித்துவிட்டு, தச்சருக்கு ஆள் அனுப்பினார்.

“என்னய்யா பண்ணி வச்சிருக்க?”

“கதவு ஒழுங்கா மூடலியா சார்?”

“அது நல்லாத்தான் மூடுது. ஏ பசங்களோட அப்பன்மார் வாயைத்தான் மூட முடியல! டீச்சரை மாத்தி ஆர்டர் எழுதினா, நடந்தது மேலாபீசுக்குத் தெரிஞ்சு போகும். திங்கக்கிழமைக்குள்ள கதவைத் திருப்பி மாட்டு. காதும் காதும் வச்ச மாதிரி.”

அப்போது கணக்கு டீச்சர் ‘டி’ அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “சார், இந்த ஏ பசங்களை மாதிரி கெட்டிக்காரங்களை நான் பார்த்ததே இல்ல!”



உள்ளே கரும்பலகை முன்னால் தச்சரின் மகள் நின்றாள். “மிஸ், அந்த மைனஸை விட்டுட்டீங்க,” என்றாள். தச்சர் உளியைப் பைக்குள் போட்டார். கீலைத் தடவிப் பார்த்தார்.

“துருப்பிடிச்சிருக்கு சார். கழட்டினா உடைஞ்சிரும். இந்த அளவு கடையில கிடைக்காது, சொல்லித்தான் செய்யணும்.”

“அதுவரைக்கும் ஏ பசங்க?”

“படிக்கிற பிள்ளை எங்க இருந்தாலும் படிக்கும்னு மீட்டிங்ல நீங்கதானே சார் சொன்னீங்க?”

ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்தார். “கீல் எப்பய்யா வரும்?”

“முழுப்பரீட்சை என்னைக்கு சார் முடியுது?”

“இருபதாம் தேதி. அது எதுக்கு உனக்கு?”

“இருபத்தொண்ணு காலையில வந்து மாட்டிடறேன். முப்பது வருசத்துல சொன்ன தேதிக்கு நான் வேலை முடிக்கப் போறது இதுதான் சார் முதல் தடவை.”