முதல் அடி முடிவதற்குள்

சூடான பாத்திரத்தைத் தொட்டவள்போல், கைப்பேசியை வெட்டுமேசையில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அவள் கணவரின் வீடியோவில் தங்களுக்கு உரிமையுள்ள பாடல் இருப்பதாக ஏதோ ஓர் இசை நிறுவனம் புகார் செய்திருந்தது.

அவர் தையல் மாஸ்டர். போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இணையத்தில் அவர் போட்டுவைத்த பாடங்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. யார் யாரோ பார்த்தார்கள், தைத்தார்கள், சந்தேகம் கேட்டார்கள். ஆள் இல்லை என்று பலருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

கொழுந்தன் அறிவிப்பைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டான். "எங்க அண்ணன் கத்தினதைப் போய்ப் பாட்டுன்னு ஒத்துக்கிட்டாங்களே அண்ணி! இருந்திருந்தா ரெண்டு நாளைக்குத் தலைகால் புரிஞ்சிருக்காது."

அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"என்ன செய்யணும்?"

"அந்த இடத்துல சத்தத்தை அணைச்சுட்டா புகார் போயிடும். இல்லைன்னு மறுத்து எழுதலாம். ஆனா நாம தோத்தா இது மூணாவது எச்சரிக்கை. கடையில ரேடியோ பாடினதுக்கு ஏற்கெனவே ரெண்டு வாங்கி வெச்சிருக்கார். மூணானா சேனலையே மூடிடுவாங்க. எல்லாப் பாடமும் போயிடும்."

அவள் வீடியோவை ஓடவிட்டாள். 'வி' கழுத்துப் பாடம். துணியை ஊசிக்கடியில் தள்ளியபடி அவர் பாடுகிறார். சுருதி எங்கோ போகிறது. நடுவில் சொல்கிறார்: "பாட்டோட முதல் அடி முடியறதுக்குள்ள ஊசி கீழ்முனைக்கு வந்துடணும். நான் மூச்சு வாங்கறப்போ நீங்க துணியைத் திருப்புங்க. அவசரப்பட்டீங்கன்னா முனை கோணிக்கும்."

"அணைச்சுடு அண்ணி. எல்லாத்தையும் நான் இறக்கி வெச்சுத் தரேன். குரல் எங்கேயும் போகாது."

"எனக்குப் போகாது. பார்த்துத் தைக்கிறவங்களுக்கு? வாய் மட்டும் அசைஞ்சா எந்த வேகத்துல மிதிக்கிறதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணைக் காப்பாத்தப்போய் அத்தனையும் போயிட்டா?"

அவர் பேர் சொல்ல மிச்சமிருப்பது இது ஒன்றுதான். அதையும் தன் பிடிவாதத்தால் தொலைத்துவிட்டு நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது? ஒரு விரல் அழுத்தினால் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம். விரலை நீட்டினாள். மடக்கிக்கொண்டாள்.

"மறுப்பையே எடு."

கட்டம் திறந்தது. இந்தப் பாடலை எதற்காகப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டது. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்: 'அது பாட்டு இல்லை, அளவு.'

"இதைப் படிக்கிறவனுக்கு என்ன புரியும் அண்ணி?"

"தைக்கத் தெரிஞ்சவனா இருந்தா புரியும்."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் அனுப்பிவிட்டாள். 'பரிசீலனையில் உள்ளது' என்றது திரை.

அதற்குள் வீடியோவின் கீழே புதிதாக ஒரு கேள்வி வந்து விழுந்தது. "மாஸ்டர், திருப்பும்போது ஊசியை மேலே எடுத்துடணுமா?"

நாளைக்கு இந்தப் பக்கமே இருக்குமா என்று தெரியவில்லை. அவள் மெஷினை இழுத்துப்போட்டு, துண்டுத்துணி ஒன்றைக் கொடுத்து முனைவரை தைத்து நிறுத்தினாள். ஊசி துணியில் இறங்கியிருந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை மட்டும் தூக்கினாள். துணி அந்த ஒற்றை ஊசியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பியது.