சாம்பல் பக்கம்

…கதவா அது என்று கேட்டாரே, அதற்கு ஒரு பதில்கூடவா வாயில் வரவில்லை, இப்போது வருகிறது, நாலு பதில் வருகிறது, இப்போது வந்து என்ன, அவர்தான் நகர்ந்துபோய்த் தன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாரே. "ஏம்மா, எத்தனை நாழி தட்டிண்டே இருப்பே? கதவா அது, யாராவது தெறக்கறதுக்கு?" சொல்லிவிட்டுத் தானே சிரித்தார் ஸ்ரீரங்கன் மாமா, அபிராமபுரத்தின் இந்த அடுக்குமாடிக்குச் செயலாளர், வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் கிழடாகிவிட்டது, விழப்போகிறது, வெட்டியாக வேண்டும் என்று மூன்று மாதமாக மனு போடுகிறவர். அந்த மனுவின் பேரில் மரத்தைச் சோதிக்க அலுவலகத்திலிருந்து வந்திருந்த மஹ்விஷ், ரப்பர் சுத்தியலால் அடிமரத்தை மறுபடி தட்டினாள். டொக். ஒரு சாண் தள்ளி, டொக். அதற்கும் தள்ளி, தொம்… பொந்து. இருக்கட்டும், பொந்து இருந்தால் மரம் செத்ததாக அர்த்தமா, எந்த மரத்துக்கும் நடுக்கட்டை செத்ததுதான், உயிர் இருப்பதெல்லாம் பட்டைக்கு அடியில் மெல்லிய ஒரு அடுக்கில், அதை அவரிடம் சொல்ல வேண்டும், எம்.எஸ்சி. படித்தவள் சொல்ல வேண்டும், சொல்ல மாட்டாள், எங்கே சொல்லியிருக்கிறாள். காலையில் கேட்டில் பெயரைக் கேட்டுவிட்டு, "மஹ்விஷா… ஆபீஸ்ல ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?" என்றார், அவர் கையில் எவர்சில்வர் டம்ளரில் காபி, அவளுக்கு வாட்ச்மேன் கொண்டுவந்தது பேப்பர் கப்பில் தண்ணீர், உள்ளே போய் மாமா ஏதோ சொன்ன பிறகு வந்த பேப்பர் கப். ஒருவேளை எல்லாருக்கும் அப்படித்தானோ? இல்லை. அது தெரியும். அதை எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்றுதான் தெரியாது.

"இன்னாம்மா, உள்ள யார்னா கீறாங்களா?" இது அய்யாதுரை, மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர். இவர் கேட்டதும் கேலிதான், ஆனால் இது உறுத்தவில்லை, ஏன் உறுத்தவில்லை? "இந்த மரம் வளரவே இல்லம்மா. பாரு, என் பொண்ணு பொறந்தப்போ தார்பாய் கட்ட ஆணி அடிச்சேன், தோள் ஒசரம். அவ காலேஜ் போறா, ஆணி அங்கயேதான் கீது." ஆணி மேலே போகாது, மரம் உயர்வது நுனியில்தான், கீழே பருக்க மட்டும்தான் செய்யும், அவள் சிரித்துவைத்தாள். ஆணியின் தலை மட்டும் தெரிந்தது, சுற்றிலும் பட்டை உதடுபோல மூடிக்கொண்டிருந்தது, இன்னும் இரண்டு வருடத்தில் அதுவும் தெரியாது. ஆறிவிட்டது என்பார்கள். மரத்தில் எதுவும் ஆறுவதில்லை, மேலே புதுக் கட்டை வளர்ந்து மூடும், உள்ளே காயம் பட்ட அன்று இருந்தபடியே இருக்கும், ஆணியும் இருக்கும். கல்லூரிக் கருத்தரங்கில் அவள் வாய் திறக்காமல் நின்ற அந்த ஐந்து நிமிடம், முதல் வரிசையில் வகுப்புத் தோழி ஷ்ரேயா குனிந்து சிரித்தது, "அதெல்லாம் ஆறிடும், விடு" என்று வீட்டில் அக்கா அஃப்ரா சொன்னது… எந்த ஆழத்தில் இருக்கிறது அது இப்போது? அதற்கும் மேலே எத்தனை அடுக்கு? இன்று காலை ஒன்று. கதவா அது. சரி மாமா, உங்கள் மரம் நிற்கும், உங்கள் காரின் மேல் காக்கை எச்சம் விழ விழ நிற்கும், நானே எழுதித் தருகிறேன்.

கடைசியாக வேரைப் பார்க்க வேண்டும், ஒரு சம்பிரதாயம்தான். மூன்று பக்கம் இரும்புக் கம்பியைக் குத்தினாள், விரற்கடை இறங்கி நின்றது, நல்ல வேர், உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். நான்காவது, வண்டிப் பக்கம். அங்கே தரை சாம்பல் நிறமாக மேடிட்டிருந்தது. கம்பி இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது, முழங்கை அளவு, வெண்ணெயில் இறங்குவதுபோல. இழுத்தாள். கருப்பாக ஈரத்தூள், அழுகல் வாடை. "அது மரத்துக்கு ஒரம்மா. பொட்டி கரிய டெய்லி அங்கதான் கொட்றேன், சுடச்சுட. நான் துன்றதுக்கு முன்னாடி அதுக்குத்தான் சாப்பாடு." பதினெட்டு வருடம், ஒரே இடத்தில், கனலோடு. நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் இந்தப் பக்கத்துக் கிளைகளில் மட்டும் இலை இல்லை, வந்தவுடனேயே பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அடிமரமும் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. விழுந்தால் காரின் மேல் விழாது. இந்த வண்டியின் மேல், இந்த ஆளின் மேல்.

"அண்ணே, வண்டிய… கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறீங்களா?" "எங்கம்மா தள்ளிக்கினு போறது? நிழலு இங்கதான கீது." கொன்றது இவர்தான், இவர் மேல் ஏன் துளிக் கோபமும் வரவில்லை, மரம் விழும் என்று உள்ளதைச் சொன்ன அந்த மாமாவைப் பார்த்தால் ஏன் இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது? படிவத்தைத் திருப்பினாள். மரத்தை 'அகற்றலாம்', நிற்க விடுவதானால் 'நிறுத்தலாம்', இரண்டு கட்டங்கள். நிறுத்தலாமில் ஏற்கெனவே குறி இருந்தது. நீல மையில், காகிதம் பள்ளமாகும் அளவுக்கு அழுத்தி. அவள் போட்டதுதான். காலையில் கேட்டருகே, இடது கையில் அந்தப் பேப்பர் கப், சுத்தியலைப் பையிலிருந்து எடுப்பதற்கும் முன்னால்… அடித்துத் திருத்தலாம், திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டுவிட்டு அவரிடம் நீட்ட வேண்டும், அவர் சிரிப்பார். "என்னம்மா, ஆச்சா? நான் சொன்னது சரிதானே?" மாமா வந்துகொண்டிருந்தார். அய்யாதுரை இஸ்திரிப் பெட்டியைத் திறந்து, வேரடியில் கவிழ்த்தார். புகை எழுந்தது. மஹ்விஷ் பேனாவின் மூடியைக் கழற்றிப் பிடித்தபடி அந்தக் குறியையே பார்த்தாள்… காலையில் கைக்கு வந்தது எவர்சில்வர் டம்ளராக இருந்திருந்தால், இந்தக் குறி எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கும்?